இடுப்பு முறிவு: எலும்பின் கனமா, வடிவமா? முதிய பெண்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான பெண்கள் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது, ஆனால் ஒரே அளவில் நடப்பதில்லை. எலும்பு கனமாக உள்ள நாட்டுப் பெண்களுக்கு அதிகமாகவும், மெலிந்த எலும்புள்ளவர்களுக்குக் குறைவாகவும் முறிவு வருகிற விசித்திரம்கூட உண்டு. அதை ஒட்டி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நேரில் பார்த்து மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல.

இடுப்பு ஒடிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையில் ஒடிவது எது?

பெரும்பாலும் இடுப்புக்கூடு ஒடிவதில்லை. ஒடிவது தொடை எலும்பின் மேல்முனை. அங்கே பந்து போன்ற தலை இருக்கிறது, அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலையையும் தண்டையும் சேர்ப்பது சாய்வாகப் போகும் கழுத்து. கழுத்து தண்டோடு சேரும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு முண்டு துருத்திக்கொண்டு நிற்கும். இடுப்பின் பக்கவாட்டில் கையை அழுத்தினால் தட்டுப்படுவது அதுதான். முறிவு கழுத்தில் ஏற்படலாம், இல்லாவிட்டால் அந்த முண்டை ஒட்டி ஏற்படலாம்.

இப்படிப்பட்ட முறிவுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கீழே விழுந்ததால் வருபவை. மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை, நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும். முன்னால் கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். பக்கவாட்டில் சரிந்து அந்த முண்டின் மேலேயே விழுந்தால் இடுப்பு போகும்.

எல்லா நாட்டுப் பெண்களுக்கும் ஒரே ஆபத்தா?

இல்லை. 63 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2012இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, ஆண்டுக்கு லட்சம் பெண்களில் டென்மார்க்கில் 574, நார்வேயில் 563, ஸ்வீடனில் 539 பேருக்கு இடுப்பு முறிவு. மறுமுனையில் ஈக்வடார் 73, துனிசியா 58, தென்னாப்பிரிக்கா 20, நைஜீரியா 2.

நைஜீரியாவின் 2 என்ற எண்ணை அப்படியே நம்புவது கடினம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும்தான் மருத்துவமனைக் கணக்கு எண்ணும். கட்டுப் போடுபவரிடம் போனவரும், வீட்டிலேயே படுத்துக் காலமானவரும் அதில் வர மாட்டார்கள். சரி, அந்த எண்களைத் தள்ளியே வைப்போம். டென்மார்க்குக்கும் துனிசியாவுக்கும் நடுவே மட்டும் ஏறக்குறைய பத்து மடங்கு இடைவெளி இருக்கிறதே, அதை எண்ணும் முறையின் குறை என்று ஒதுக்க முடியாது.

எலும்பு அடர்த்தி குறைந்தால் முறிவு அதிகம் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் கனமான எலும்புள்ள ஐரோப்பியப் பெண்களுக்கு ஏன் அதிகம்?

குழப்பமே இங்குதான். ஒரே சமூகத்துக்குள், ஒரே வயதுப் பெண்களை ஒப்பிட்டால் அடர்த்தி குறைந்தவருக்குத்தான் முறிவு அதிகம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு சமூகத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இந்த விதி தடுமாறுகிறது. ஜப்பானியப் பெண்களின் அடர்த்தி வெள்ளையின அமெரிக்கப் பெண்களுடையதைவிடக் குறைவாகவோ, மிஞ்சினால் சமமாகவோ இருந்தது. இடுப்பு முறிவோ ஏறக்குறைய பாதிதான்.

இதற்கு ஒரே காரணம் தேடியவர்கள் யாரும் வெற்றி பெறவில்லை. எலும்பின் வடிவம், அதை அளக்கும் கருவியின் குறை, உள்ளமைப்பு, விழும் பழக்கம் என நான்கும் கலந்த விஷயம் இது. முதலில் வடிவத்தைப் பார்க்கலாம், மற்றவற்றைவிட அதற்குத்தான் தெளிவான ஆதாரம் இருக்கிறது.

இடுப்பு அச்சு நீளம் என்றால் என்ன?

வெளிப்பக்க முண்டின் ஓரத்தில் தொடங்கி, கழுத்தின் நடுவாக, தலையைத் தாண்டி, இடுப்புக்கூட்டின் உள்விளிம்பு வரை ஒரு கோடு இழுத்தால் வரும் நீளம். வெள்ளையினப் பெண்களில் 10, 11 செ.மீ. வாக்கில் இருக்கும். அடர்த்தி பார்க்க எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் படத்திலேயே இதையும் அளந்துவிடலாம்.

நீளம் ஏன் முக்கியம்? பக்கவாட்டில் விழும்போது தரை முண்டை உள்நோக்கித் தள்ளுகிறது, உடலின் எடை தலையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அது நீளமாக இருந்தால் அதை வளைக்கும் விசையும் கூடுகிறது.

இது வெறும் கணக்கா, பெண்களிடம் பார்த்து உறுதி செய்தார்களா?

உறுதி செய்தார்கள். அமெரிக்காவில் 1986 முதல் 1988 வரை, 65 வயதைத் தாண்டிய 9,704 பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பால்டிமோர், மினியாபொலிஸ், பிட்ஸ்பர்க் பகுதி, போர்ட்லாந்து ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. அந்தப் பெண்களின் டெக்ஸா படங்களை வைத்து ஃபால்க்னர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1993இல் வெளியிட்ட முடிவு: அச்சு நீளம் ஒரு படி கூடினால், அதாவது அரை சென்டிமீட்டர் சொச்சம் கூடினால், இடுப்பு முறிவு ஆபத்து இரண்டு மடங்கை நெருங்குகிறது. அடர்த்தி ஒன்றாகவே இருந்தாலும் இப்படித்தான்.

அடுத்த ஆண்டே, ஆசியப் பெண்களிலும் கறுப்பினப் பெண்களிலும் இந்த நீளம் குறைவு என்று அளந்து காட்டினார்கள். அந்த வித்தியாசம் ஒன்றே ஆசியப் பெண்களின் ஆபத்தை ஏறக்குறைய பாதியாகவும், கறுப்பினப் பெண்களின் ஆபத்தை மூன்றில் ஒரு பங்கு அளவும் குறைக்கப் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜப்பானியரையும் வெள்ளை அமெரிக்கரையும் நேரடியாக ஒப்பிட்ட இன்னொரு ஆய்வும் அதே 1994இல் வந்தது. ஜப்பானியப் பெண்களின் கழுத்து குட்டை, கழுத்து தண்டோடு சேரும் கோணமும் சிறியது என்று அது சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்ன 9,704 பேரும் வெள்ளையினத்தவர். இடுப்பு முறிவு அரிதாகத்தான் வருகிறது என்று கறுப்பினப் பெண்களை முதலில் சேர்க்கவே இல்லை, பத்தாண்டு கழித்துத்தான் சேர்த்தார்கள். முதிய பெண்களின் எலும்பு பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் பல பாடங்கள் அமெரிக்காவின் நான்கு ஊர்ப் பக்கங்களில் கிடைத்தவை.

அப்படியென்றால் உயரமான பெண்களுக்கு ஆபத்து அதிகமா?

ஆம். அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 5 அடி 8 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள பெண்களுக்கு, 5 அடி 2 அங்குலத்துக்குக் கீழே உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடுப்பு முறிவு ஏற்பட்டது. உயரமானவரின் தொடை எலும்புக் கழுத்து நீளம், விழும் தூரமும் அதிகம்.

நியூசிலாந்தில் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். 1950களில் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் 1990களின் படங்களையும் அருகருகே வைத்து அளந்தபோது, பிந்தைய தலைமுறை முதிய பெண்களின் இடுப்பு அச்சு நீண்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் முறிவு விகிதமும் ஏறியிருந்தது. நல்ல சாப்பாடு கிடைத்து ஒரு தலைமுறை உயர்ந்து வளர்ந்தால், அறுபது எழுபது ஆண்டு கழித்து இப்படியும் ஒரு விலை வரக்கூடும். அதற்காகக் குழந்தைகளுக்குப் பாலைக் குறைத்துவிட வேண்டாம்!

டெக்ஸா ஸ்கேன் சிறிய எலும்பைத் தவறாகக் காட்டுகிறதா?

தவறாக என்பதைவிட, ஓரவஞ்சனையாகக் காட்டுகிறது எனலாம். டெக்ஸா அளப்பது உண்மையான அடர்த்தி அல்ல. எலும்பின் நிழல்படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது இருக்கிறது என்றுதான் சொல்லும். எலும்பின் தடிமன் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டால் புரியும். ஒரே பொருளில் இரண்டு கனசதுரங்கள் செய்கிறோம், கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் எடை. ஒன்றின் பக்கம் 2 செ.மீ.: எடை 8 கிராம், நிழலின் பரப்பு 4, எனவே டெக்ஸா காட்டுவது 2. மற்றதன் பக்கம் 3 செ.மீ.: எடை 27 கிராம், பரப்பு 9, எனவே காட்டுவது 3. பொருள் ஒன்றுதான். ஆனால் சிறியதற்கு ‘அடர்த்தி குறைவு’ என்று அறிக்கை வரும்.

இதற்கு மேல், டி-ஸ்கோர் என்ற எண் இளம் பெண்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் -2.5ஐ எலும்புப்புரைக்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) எல்லையாக வகுத்தது. தொடை எலும்புக் கழுத்துக்கு ஒப்பீடாகப் பரவலாகப் பயன்படுவது 20 முதல் 29 வயது வரையிலான வெள்ளை அமெரிக்கப் பெண்களின் அளவு. சிறிய உடலமைப்புள்ள ஒரு பெண்ணை அந்த வரிசையில் நிறுத்தினால் அவர் பின்னால்தான் நிற்பார்.

இதை வைத்து ‘என் எலும்பு சிறியது, அதனால் -2.8 என்பது பொய்’ என்று சொல்லிவிட முடியாது. சிறிய எலும்பு தாங்கும் சுமையும் உண்மையிலேயே குறைவு. கூடவே அது சுமக்கும் உடலும் சிறியது என்பதால்தான் ஓரளவு ஈடாகிறது.

உள்ளமைப்பில் வித்தியாசம் உண்டா?

உண்டு. எலும்புக்கு வெளியே கெட்டியான சுவர், உள்ளே சல்லடை போன்ற பின்னல். நியூயார்க்கில் சீன வம்சாவளிப் பெண்களை நுண்ணிய சி.டி. படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களின் எலும்பு சிறியது, ஆனால் சுவர் தடிமனாக இருந்தது. உள்பின்னலிலும் குச்சிகளைவிடத் தட்டையான தகடுகள் அதிகம். மெல்லிய மூங்கிலானாலும் சுவர் தடித்து, கணு நெருங்கியிருந்தால் எளிதில் முறியாது அல்லவா, அது போல. இவை கை, கால் எலும்புகளில் எடுத்த படங்கள், இடுப்பில் எடுத்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கறுப்பினப் பெண்களின் நிலை?

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இடுப்பு முறிவு வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய பாதி. அவர்களின் அடர்த்தி அதிகம், கழுத்தும் குட்டை, ஆகவே விளக்கம் எளிது. ஆனால் ‘இவர்களுக்கு வராது’ என்ற நினைப்பால் பரிசோதனையும் சிகிச்சையும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்திருக்கின்றன. முறிந்த பிறகு அவர்கள் படும் பாடும் அதிகம்.

ஆப்பிரிக்காவுக்குப் போனால் அந்த எளிய விளக்கமும் கை கொடுப்பதில்லை. காம்பியா நாட்டின் கெனெபா கிராமப் பக்கத்து முதிய பெண்களை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பெண்களோடு ஒப்பிட்டு 1996இல் ஓர் ஆய்வு வந்தது. காம்பியப் பெண்களின் எலும்புத் தாது குறைவு, சாப்பாட்டில் கால்சியமும் மிகக் குறைவு, நிறையப் பிள்ளை பெற்றுப் பாலூட்டியவர்கள். பாடநூல்படி பார்த்தால் அவர்கள் எலும்பு நொறுங்க வேண்டும். முறிவோ அரிதாகவே இருந்தது.

பால் அதிகம் குடிக்கும் நாடுகளில்தான் முறிவு அதிகம் என்கிறார்களே?

நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த வரிசையை வைத்துப் பால் எலும்பை அரிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியல்ல. நார்வேயில் பால் மட்டுமா அதிகம்? பெண்களின் உயரம் அதிகம், ஆயுள் அதிகம், குளிர்காலத்தில் வெயில் இல்லை, தெருவெல்லாம் பனி உறைந்து வழுக்கும். நாட்டுக் கணக்கிலிருந்து தனி ஆளுக்குத் தாவிவிடக் கூடாது.

தரையில் உட்கார்ந்து எழுவதால் ஆசியப் பெண்களுக்குப் பாதுகாப்பா?

பலர் முன்வைக்கும் யூகம் இது. ஜப்பானிய முதிய பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவாகவே விழுகிறார்கள் என்பது உறுதி. ஜப்பானிலும் ஹவாயிலும் பார்த்தபோது ஏறக்குறைய பாதி அளவுதான் விழுந்திருக்கிறார்கள். பாயில் உட்கார்ந்து எழுவதும் குந்தி உட்காருவதும் தொடைத் தசையையும் உடல் நிதானத்தையும் காக்கின்றன என்பது நியாயமான விளக்கமே. நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு அது போகவில்லை. எழுபது வயதில் மூட்டு தேய்ந்தவரைக் கட்டாயப்படுத்திக் குந்த வைப்பது ஆபத்து.

கடைசியில் இது பிறப்பாலா, வாழ்க்கை முறையாலா?

இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. ஹவாயில் குடியேறிய ஜப்பானியருக்கும் ஜப்பானிலேயே இருப்பவர்களுக்கும் இடுப்பு முறிவு விகிதம் ஒன்றுபோல, வெள்ளையரைவிடக் குறைவாக இருந்தது. ஸ்வீடனிலும் வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்கு முறிவு ஆபத்து உள்நாட்டினரைவிடக் குறைவு. அதே பனி, அதே கடைச் சாமான், இருந்தும் வித்தியாசம் மறைந்துவிடவில்லை. இது பிறப்பின் பக்கம் சாட்சி.

மறுபக்கம் வாருங்கள். ஹாங்காங்கில் 1960களுக்கும் 1980களுக்கும் நடுவே பெண்களின் முறிவு விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பெய்ஜிங்கில் 1990 முதல் 1992 வரை இருந்த அளவு 2002-2006இல், 50 வயது தாண்டிய பெண்களில், சுமார் 2.8 மடங்கு ஆகிவிட்டது. தைவான் இன்று அதிக ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் ஒரு மக்களின் மரபணு மாறாது. அந்த வயதுப் பெண்களின் தொடை எலும்புக் கழுத்தும் அதற்குள் நீளாது. மாறியது நடை, வேலை, வீடு, ஊர்.

பின்லாந்திலும் டென்மார்க்கிலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து விகிதம் இறங்கி வருகிறது. அங்கும் மரபணு மாறவில்லை. ஆகவே குட்டைக் கழுத்து ஒரு சலுகைதான், காப்பீடு அல்ல என்பதே எங்கள் கணிப்பு.

இந்தியப் பெண்கள் இதில் எங்கே நிற்கிறார்கள்?

அமெரிக்காவில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய இளம் பெண்களை அளந்தபோது, வெள்ளையினப் பெண்களைவிட அடர்த்தியும் குறைவு, இடுப்பு அச்சும் குட்டை. ஜப்பானியரிடம் கண்ட அதே சேர்க்கை. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 50 வயது தாண்டியவர்களில் லட்சத்துக்கு 129 பேருக்கு ஓர் ஆண்டில் இடுப்பு முறிவு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெண்களில் 159, ஆண்களில் 105. ஸ்காண்டிநேவியாவோடு பார்த்தால் குறைவுதான்.

தமிழர் தொடர்பு நேரடியாக வருவது சிங்கப்பூரில். அங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மை தமிழர்கள். 1990களின் கணக்கில் சீனப் பெண்களுக்கு முறிவு அதிகம், மலாய்ப் பெண்களுக்குக் குறைவு, இந்தியப் பெண்கள் இடையில். 1960களோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர்ப் பெண்களின் மொத்த விகிதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகியிருந்தது. ஒருவருக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு வரும் ஆபத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானது. அதில் இந்தியாவுக்கான மாதிரியே சிங்கப்பூர் இந்தியரின் முறிவுக் கணக்கை இரவல் வாங்கிச் செய்ததுதான்.

இந்தியாவில் மேற்கு நாடுகளைவிட இளவயதிலேயே இடுப்பு ஒடிகிறது என்பதையும் அடிக்கடி கேட்கலாம். நோயாளிகளின் சராசரி வயது குறைவு என்பது சரிதான். ஆனால் 85 வயதுவரை வாழ்பவர்கள் குறைவான நாட்டில் சராசரி வயது தானாகவே குறையும் என்பதை மறந்துவிட்டே பலர் பேசுகிறார்கள். வைட்டமின் டி குறைபாடு வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் பரவலாக இருப்பது வேறு கவலை.

குட்டைக் கழுத்து முதுகெலும்பையும் காக்குமா?

காக்காது. ஜப்பானியப் பெண்களுக்கு இடுப்பு முறிவு குறைவு என்றாலும், முதுகெலும்புக் கட்டை நசுங்குவது வெள்ளையினப் பெண்களுக்கு நிகராகவோ சற்று அதிகமாகவோ இருக்கிறது. அம்மாவோ பாட்டியோ கூன் விழுந்து, உயரம் நாலைந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வயசாகிவிட்டது என்று விடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

மாமியாருக்கு டி-ஸ்கோர் -2.7. அவர் குள்ளமானவர். மாத்திரை வேண்டாமா?

அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் கொண்டு போகாதீர்கள். முன்பு லேசாக விழுந்து எங்காவது முறிந்ததா, அவருடைய அம்மா அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டாரா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, கடந்த ஓர் ஆண்டில் எத்தனை தடவை விழுந்தார் என்பதையும் சொல்லுங்கள். 50 வயதுக்குப் பிறகு ஏற்கெனவே ஒரு முறிவு நடந்திருந்தால், உடலமைப்பைச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது தனி. குளியலறை ஈரம், வழுக்கும் கால்மிதி, இரவில் இருட்டு, முற்றிய கண்புரை, தூக்க மாத்திரை. விழ வைப்பவை பெரும்பாலும் இவைதான்.

ஒடிந்துவிட்டால் கட்டுப் போட்டுச் சரி செய்யலாமா?

கை முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போட்டுத் தேறியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். தொடை எலும்புக் கழுத்து அப்படிப்பட்ட இடம் அல்ல. ஆழத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து கட்டி நிறுத்த முடியாது. கழுத்து முறிந்தால் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுபடலாம். படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். இடுப்பு ஒடிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர்போல ஓர் ஆண்டுக்குள் இறந்துவிடுவதற்கு இவையும் காரணம். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுவதே வழக்கம்.

ஸ்கேன் அறிக்கையில் இடுப்பு அச்சு நீளமும் போட்டிருக்கிறார்கள். அதை என்ன செய்வது?

பார்த்து வைத்துக்கொள்ளலாம். எலும்பு அளவீட்டுக்கான பன்னாட்டுச் சங்கம் 2015இல் வெளியிட்ட நிலைப்பாடு இதுதான்: மாதவிடாய் நின்ற பெண்களில் இந்த நீளத்துக்கும் இடுப்பு முறிவு ஆபத்துக்கும் தொடர்பு உண்டு. கழுத்தின் கோணம் முதலிய மற்ற வடிவ அளவுகளை ஆபத்தைக் கணிக்கப் பயன்படுத்த வேண்டாம். எந்த வடிவ அளவை வைத்தும் மருந்து தொடங்கக் கூடாது.

பயிற்சி செய்து அந்த நீளத்தைக் குறைக்க முடியுமா?

முடியாது. வளர்ச்சி நின்றபோதே அது முடிவாகிவிட்டது.